மறுபடி ஒட்டும் ரப்பர்

மாடியில் அவள் செய்வாள், கீழே அவர் உடைப்பார். அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் இந்தத் தம்பதியைப் பற்றி முதலில் காதில் விழுவது இதுதான். பல வருடங்களுக்கு முன்னால், அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இவர் என்ன பண்றார்?" என்று யாரோ கேட்க, வாசல் காவலாளி யோசிக்காமல் "உடைப்பார்" என்று சொல்லிவிட்டார். அதோடு சரி. அம்மா அப்பா ஆசையாய் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சம் இருந்தது. "உடைப்பார் சார், டீ ஆறுது" என்று கூப்பிட்டால் அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய மனைவிக்குப் பசை மேடம் என்று பெயர். அவள் வாழ்நாளில் பசை செய்ததில்லை. செய்வதெல்லாம் ரப்பர். இதை அவளும் எத்தனையோ பேருக்கு விளக்கிப் பார்த்துவிட்டாள். பட்டப்பெயர் வைக்கிறவர்கள் விளக்கம் கேட்டுக்கொண்டா வைக்கிறார்கள்?

சாதாரண ரப்பரைக் கெட்டிப்படுத்த, நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் போட்டு வேகவைத்து ஒன்றோடொன்று பிணைத்துவிடுவார்கள். பிணைத்தது பிணைத்ததுதான். அறுந்தால் குப்பைத்தொட்டி. பசை மேடத்தின் புது முறையில் கந்தகமும் கிடையாது, கொதியும் கிடையாது. சங்கிலிகளின் ஓரங்களில் போரான் என்ற தனிமத்தால் சின்னச் சின்னக் கொக்கிகள் வைத்து, அறையின் சூட்டிலேயே கோத்துவிடுவாள். அந்தக் கொக்கிகள் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கத் தெரிந்தவை. அதனால் அவளுடைய ரப்பரை இரண்டாக வெட்டி, வெட்டிய முகங்களைச் சேர்த்து வைத்தால் மறுநாள் அது ஒன்றாகிவிடும். அப்படித்தான் அவளுடைய கட்டுரை சொன்னது, உலகமும் அதைப் படித்துவிட்டு ஆகா என்றது.

இந்த வேலையில் அவளுக்கு ஒரே எதிரி தண்ணீர். செய்யும்போது துளி ஈரம் உள்ளே போனாலும் கொக்கிகள் கெட்டு, குடுவைக்குள் பால் மாதிரி திரிந்துவிடும். ஆகவே குடுவைகளை உலர்த்துவாள், கரைப்பான்களை உலர்த்துவாள், நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை நுழைத்து அங்கேயேதான் எடை போட்டுக் கலப்பாள். மழை நாளில் ஈரக் குடையோடு அறைக்குள் எட்டிப் பார்த்த இயக்குநரையே வெளியே போகச் சொன்னவள் அவள். இயக்குநரும் குடையோடு போய்விட்டார்.

மாடியில் செய்த ரப்பர், நடுவில் இடுப்பு சிறுத்த சின்னப் பட்டைகளாக, மூடி போட்ட டப்பாவில் கீழே இறங்கும். கீழே உடைப்பாரின் அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு இழுவை இயந்திரம். அதன் மின்சாரப் பாகங்களுக்கு ஈரம் ஆகாது என்பதால் அந்த அறையின் காற்றையும் ஒரு பெட்டி ராப்பகலாக உலர்த்திக்கொண்டே இருக்கும். அவர் பட்டையைப் புது பிளேடால் வெட்டுவார், வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன எஃகுக் கட்டியின் கீழ் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் அதை இயந்திரத்தின் இரண்டு கவ்விகளிலும் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுப்பார். "பொண்டாட்டி செஞ்சத ஒவ்வொண்ணா உடைச்சுட்டு, அதுக்குப் பேர் வேலைன்னு சொல்ற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்" என்பார். அவள் சிரிக்கமாட்டாள். வீட்டில் சிரித்துக்கொள்வாள்.

கட்டுரை வெளிவந்த சூட்டில், அவளுக்கென்று தனி ஆய்வுக்கூடம் ஒதுக்குவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த நேரம் பார்த்து வந்தது மின்னஞ்சல்.

தூர தேசத்து ஆய்வுக்கூடம் ஒன்று எழுதியிருந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள், அதுதான் பயமுறுத்தியது. உங்கள் முறைப்படியே ரப்பர் செய்தோம், எல்லா வேதியியல் சோதனைகளிலும் உங்களுடையதைப் போலவே இருக்கிறது, ஆனால் வெட்டினால் ஒட்டவில்லை, எங்கே தவறுகிறோம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அதற்குப் பத்து நாள் கழித்து வேறொரு இடத்திலிருந்தும் அதே கேள்வி வந்தது.

அதை இருவரும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாயருகே கொண்டுபோய் "ஹா" என்று ஊதி, சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பழக்க தோஷத்தில் மேசைமேல் கிடந்த அவளுடைய கண்ணாடியையும் எடுத்தார்.

"அதத் தொடாதீங்க. உங்க வாய்க்காத்தெல்லாம் எனக்கு வேணாம். துணி இருக்கு."

"உன் துணியில இருக்கற தூசிக்கு என் வாய்க்காத்து எவ்வளவோ மேல்."

கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற சண்டை இது. அன்றைக்கு அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

இயக்குநர் நல்ல பெண்மணி. ஆனால் எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பசை மேடத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"செய்யறதும் உங்க வீடு, சோதிக்கறதும் உங்க வீடு. நான் ஒண்ணும் நினைக்கல. வெளியில நினைப்பாங்க. ஒரே ஒருவாட்டி வேற கையால பண்ணிப் பாத்துடலாமே."

"தாராளமா பண்ணுங்க" என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள்.

வேற்றுக் கை என்று தேர்ந்தெடுக்கப்பட்டவள் பக்கத்து ஆய்வுக்கூடத்துப் பெண். எல்லாரும் அவளைச் சுத்தம் என்று கூப்பிடுவார்கள். கையுறைக்கு மேல் கையுறை, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். தும்மல் வந்தால் அறையை விட்டு வெளியே போய்த் தும்மிவிட்டு வருகிற பிறவி. பசை மேடம் புதிதாக ரப்பர் செய்தாள், சோதித்தாள், எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. டப்பாவைத் தன் கையாலேயே கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். உடைப்பாரை நூலகத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவர் எழுதி வைத்திருந்த செய்முறையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிக்கு வரி பின்பற்றினாள் சுத்தம்.

மறுநாள் காலை எஃகுக் கட்டியை எடுத்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பட்டைகள் கவ்வி வரைக்கும் கூட வரவில்லை. தூக்கும்போதே பாதி கையில் வந்தது, பாதி மேசையிலேயே தங்கிவிட்டது. ஒன்று விடாமல் அத்தனையும் அப்படியே.

பசை மேடம் மாடிப்படியில் பாதி வழியில் நின்றுவிட்டாள். மேலே அவளுடைய வேலையில் தப்பில்லை, அதை வேதியியல் சோதனைகளே சொல்கின்றன. அப்படியென்றால் இத்தனை நாள் ஒட்டியது என்று கீழிருந்து வந்த எண்களில்தான் தப்பு. கீழே இருந்தது ஒரே ஒரு ஆள்.

அவளுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. முதல் வருடம். எதைச் செய்தாலும் ஒட்டாமல், அவள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, மகளிடம் எரிந்து விழுந்து, "எனக்கு இதெல்லாம் வராது, விட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அப்போதெல்லாம் பட்டைகளை அவளேதான் வெட்டி, அவளேதான் சேர்த்து வைத்துப் பார்ப்பாள். ஒருநாள், "எங்கிட்டக் குடு, முறையா வெட்டிப் பாக்கறேன்" என்று அவர் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் படியேறி மூச்சு வாங்க வந்து, "ஒட்டிக்கிச்சு" என்றார். அவள் ஆய்வுக்கூடம் என்றும் பாராமல் அவரைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால், மகள் கோபித்துக்கொள்வாளே என்று மாற்றிச் சொல்வாளே தவிர, மனதுக்குள் அந்த நாளைத்தான் நினைப்பாள்.

அவள் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் சொன்ன பொய்யாக இருக்குமோ அது? அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் அதற்கப்புறம் ஒவ்வொரு பட்டைக்கும் எண்ணை இட்டுக்கட்டி எழுதினாரோ? இந்த நினைப்பு வந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மாலை இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பசை மேடத்திடம் கேட்டார்.

"திங்கக்கிழமை குழுவக் கூப்பிட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியணும். தப்பு எங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்பதுதான் உண்மையும் கூட. ஆனால் அவள் மாடியில் உலர்த்தி உலர்த்திச் சேர்த்த அத்தனை வருடங்களும் அந்த மூடிய அறைக்குள் வந்து நின்றுகொண்டன.

"என் வேலையில தப்பில்ல மேடம். கீழ நடந்த சோதனையத்தான் பாக்கணும். அதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது."

"கீழன்னா..."

"ஆமா."

 திங்கள் வரைக்கும் இயந்திர அறையின் சாவி அலுவலகத்தில் இருக்கட்டும் என்று மட்டும் இயக்குநர் சொன்னார். குழு உடைப்பாரைக் குற்றவாளி என்று முடிவு செய்தால் வேலை போகும். அந்தத் துறையில் வேறெங்கும் அவரை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள். இது இருவருக்குமே தெரியும்.

அன்று வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் ஏதோ ஆசிரியரைப் போல நடித்துக் காட்டினாள். உடைப்பார் சரியான இடங்களில் சிரித்தார். மகள் எழுந்துபோனபிறகு பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"நான் யோசிச்சேன். சோதனையில தப்பு நடந்துச்சுன்னு நானே சொல்லிடறேன். என் பேர்லயே போகட்டும். உன் ரப்பருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அவள் கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டு நின்றது. ஆக, ஒப்புக்கொண்டுவிட்டார். இனி சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் இல்லை. ஏன் செய்தீர்கள் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்டால் 'உனக்காகத்தான்' என்பார், அதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

"உங்க இஷ்டம்" என்றாள்.

அவர் குழாயை மூடினார். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். தடுப்பாள் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும். தலையை ஆட்டிக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் பேச்சு உப்புச்சப்பில்லாமல் நடந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிடவேண்டும். சரி. பால் தீர்ந்துவிட்டது. வாங்கிவருகிறேன். சண்டை போடுகிற வீட்டில்கூட இதைவிட உயிர் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பின்னிக்கொண்டிருந்தவள், "போச்சு" என்றாள். அவளுடைய கறுப்பு வளையம் அறுந்து கையில் தொங்கியது. அம்மா மீந்த ரப்பரில் ஒருநாள் அச்சில் ஊற்றிக் கொடுத்தது. உலகத்திலேயே அதிகம் படித்த முடி வளையம் இதுதான் என்று மகள் தோழிகளிடம் பீற்றிக்கொள்வாள்.

"இங்க குடு" என்று கையை நீட்டினார் உடைப்பார். ரொட்டித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சவர பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து, அறுந்த இரண்டு நுனிகளையும் நேராக நறுக்கினார். ஒரு நுனியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். வாயருகே கொண்டுபோனார். ஹா. சாய்த்துப் பார்த்தார். இன்னொரு நுனி. ஹா. இரண்டையும் சேர்த்து அழுத்தி, மேலே சர்க்கரை டப்பாவைத் தூக்கி வைத்தார்.

"நாளைக்குக் காலையில எடு. அதுக்குள்ள இழுத்துப் பாத்துட்டு ஒட்டலைன்னு வராத."

அவர் இத்தனையையும் செய்தது யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. பொய்யாக எண் எழுதிய மனிதர் எதற்கு வீட்டு மேசையில் இவ்வளவு நம்பிக்கையோடு ஒரு வளையத்தை ஒட்டப்போகிறார்? இது அவளுக்கு முதலில் உறைத்தது. அடுத்தது கொஞ்சம் பொறுத்து உறைத்தது. தேநீர்க் கோப்பையை வாய்வரைக்கும் கொண்டுபோனவள் அப்படியே வைத்திருந்தாள்.

"இப்ப எதுக்கு ஊதினீங்க?"

"எங்க ஊதினேன்?"

"ரப்பர் மேல. இப்ப. ரெண்டு தடவ."

"நான் ஊதலையே."

மகள் பின்னலை விட்டுவிட்டுத் திரும்பினாள். "அப்பா எதத்தாம்ப்பா ஊதல? கண்ணாடிய ஊதுவீங்க, ஸ்பூன ஊதுவீங்க, மாத்திரைய ஊதிட்டு முழுங்குவீங்க. அன்னிக்கு ரிமோட்ட ஊதினீங்க."

உடைப்பார் தலையைச் சொறிந்தார். யோசித்து யோசித்துச் சொன்னார். இங்கே வருவதற்கு முன்னால் அவர் கண்ணாடித் தகடு செய்கிற தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தார். வெட்டிய முகத்தில் மூச்சை விட்டால் ஒரு கணம் பனி படர்ந்து, பிளேடு இழுத்த கீறல், தூசி எல்லாம் பளிச்சென்று தெரியும். அங்கே எல்லாருமே அப்படித்தான் பார்ப்பார்கள். "கை தானா செய்யும் போலருக்கு. வெட்டினா பாக்கணும்ல."

"செய்முறையில அத எழுதலையே நீங்க."

"'வெட்டிய முகத்தைப் பரிசோதிக்கவும்'னு எழுதியிருக்கேனே."

அவள் எழுந்து சர்க்கரை டப்பாவைத் தூக்கினாள். மகள் "அய்யோ, என் வளையம்" என்று சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அதைத் துண்டு துண்டாக வெட்டினாள். ஒரு ஜோடியை அப்படியே சேர்த்து வைத்தாள். ஒரு ஜோடியை, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு போத்தலுக்குள் போட்டு மூடினாள். மூன்றாவது ஜோடியை அவரிடம் நீட்டினாள்.

"ஊதுங்க."

"இப்பச் சொன்னா வரமாட்டேங்குதே" என்றார். பிறகு ஊதினார்.

அன்று பகல் முழுக்க அவள் அந்த மேசையைவிட்டு நகரவில்லை. தண்ணீர். தன் வாழ்நாள் எதிரி. செய்யும்போது கெடுக்கிற அதே ஈரம், செய்து முடித்த ரப்பரில் வேறு வேலை பார்த்திருக்கிறது. வெட்டிய முகத்தில் மூச்சின் ஈரம் பட்டதும் கொக்கிகள் பிடியை விடும். ஈரம் உலர்ந்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். மூடும்போது எதிரே எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு அறைகளையும் எலும்புவரை உலர்த்தி வைத்திருந்த அந்தக் கட்டடத்தில், அவள் ரப்பருக்குக் கிடைத்த ஒரே ஈரம் இந்த மனுஷனுடைய மூச்சு. ஒரு ரசாயனப் படிப்புக்காரிக்கு இது தோன்றியிருக்கவேண்டும். தண்ணீரை வெளியே நிறுத்துவதிலேயே குறியாக இருந்தவளுக்கு, அதைக் கூப்பிடலாம் என்று எப்படித் தோன்றும்?

திங்கட்கிழமை விடியும்போது போத்தலுக்குள் இருந்த ஜோடி தனித்தனியாகக் கிடந்தது. சும்மா வைத்த ஜோடி, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி, ஒட்டியும் ஒட்டாமல், தொட்டதும் விலகியது. ஊதிய ஜோடியை அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். அது நீண்டது. இன்னும் இழுத்தாள். மகள் வாங்கி இழுத்துப் பார்த்தாள். அறுந்தபோது ஒட்டிய இடத்தில் அறுபடவில்லை, பக்கத்தில் அறுந்தது.

குழு கூடியது. பசை மேடம் எழுந்து, பேச்சு எதற்கு, செய்தே பார்த்துவிடலாம் என்றாள். சுத்தத்திடம் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ரப்பர் மேல வாய வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பாவம் செய்கிறவளைப் போல ஊதினாள். பாதிப் பட்டைகளில் மூச்சு, பாதிப் பட்டைகளில் ஒன்றுமில்லை. மறுநாள் இயந்திரம் இழுத்துச் சொன்னது. மூச்சுப் பட்டவை வெட்டாத ரப்பருக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. குழுவில் இருந்த ஒரு பெரிய மனிதர், இனி கட்டுரையில் 'உடைப்பார் முறை' என்று போடவேண்டியதுதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தூர தேசத்து ஆய்வுக்கூடத்துக்கு, தயவுசெய்து கொஞ்சம் நீராவி காட்டிப் பாருங்கள் என்று பதில் போயிற்று.

இயக்குநர் சாவியை உடைப்பாரின் கையில் கொடுக்கும்போது பசை மேடத்தை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளிக்கிழமை மூடிய கதவுக்குள் பேசியது அங்கேயே இருக்கட்டும் என்ற பார்வை. நல்ல பெண்மணி என்று சொன்னேன் அல்லவா. பசை மேடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாகும்வரை உடைப்பாருக்குத் தெரியப்போவதில்லை.

இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். மழை பெய்து விட்டிருந்தது. நடைபாதையில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கி நின்றது. தையல் கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். அவர் உற்சாகமாக இருந்தார். ஈரத்தின் அளவை ஒழுங்காக அளந்து சேர்க்க என்ன கருவி வாங்கலாம், மூச்சு மனுஷனுக்கு மனுஷன் மாறுமே என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அவள் தெருமுனை வரைக்கும் நினைத்தாள். முடியவில்லை.

"சாவிய ஏன் வாங்கி வெச்சாங்க தெரியுமா?"

"வழக்கமா செய்யறதுதானே."

"இல்ல. வெள்ளிக்கிழமை டைரக்டர் கேட்டாங்க, தப்பு எங்கன்னு. கீழன்னு சொன்னேன். நீங்க பண்ணினதுக்கு நான் பொறுப்பில்லன்னு சொன்னேன்."

அவர் நின்றார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்.

"எண்ணெல்லாம் நான் கட்டி எழுதினேன்னு நினைச்சியா?"

"நினைச்சேன். எனக்காக எழுதினீங்கன்னு நினைச்சேன்."

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். தையல் கடையும் மருந்துக் கடையும் பள்ளிக்கூட மதிலும் தாண்டியாயிற்று. திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு இருந்தது.

"நானும் நினைச்சேன்" என்றார் கடைசியில்.

"எத?"

"நீதான் ஏதோ பண்றன்னு. பட்டைய டப்பாவுல போடறதுக்கு முன்னாடி மேல என்னமோ தடவி அனுப்பறன்னு. முதல் மெயில் வந்த அன்னிலேர்ந்தே."

அவளுக்கு வந்ததே கோபம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நானா? நான் தடவி அனுப்புவேனா? இத்தனை வருஷமா என் வேலையப் பாத்துட்டு, என்னப் போய் அப்படி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். தான் எந்த வாயால் இதைக் கேட்கிறோம் என்று உறைத்தது. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. கணக்கு நேராகவில்லை.

"அப்ப ஏன் உங்க பேர்ல போகட்டும்னு சொன்னீங்க? தப்பு பண்ணினது நான்னு நினைச்சிருந்தா, எதுக்கு நீங்க ஏத்துக்கறேன்னீங்க?"

"அதனாலதான்" என்றார் அவர்.

சாதாரணமாகத்தான் சொன்னார், கடைக்குப் போகிற வழியைச் சொல்கிற மாதிரி. இருவருக்கும் ஒரே சந்தேகம் வந்திருக்கிறது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் கைகாட்டிவிட்டாள். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் அழக்கூடாது என்று பார்த்தாள். நடுத்தெருவில் முடிந்த மட்டும் பார்த்தாள்.

மழை திரும்பவும் தூற ஆரம்பித்தது. ஒரு கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். அவர் துளி படிந்த கண்ணாடியைக் கழற்றினார். வாயருகே கொண்டுபோனவர், இரண்டு நாளாக ஊரே தன் மூச்சைப் பற்றிப் பேசியது ஞாபகம் வந்ததோ என்னவோ, கூச்சத்தோடு நிறுத்திவிட்டு வெறுமனே சட்டையில் தேய்த்தார். கண்ணாடி இன்னும் மோசமாகக் கலங்கியது.

"ஊதித் துடைங்க" என்றாள் அவள்.

ஊதித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவள் தன் கண்ணாடியையும் கழற்றி, அது ஈரமாகி மங்கியதற்குக் காரணம் மழைதான் என்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, அவரிடம் நீட்டினாள்.

"இதையும்."